இடது சீட்டுக்காரனின் வலது கால்

கார் பழக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் கிளச்சைப் பற்றியோ கண்ணாடியைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாததை, பழக வருகிறவர்களே கேள்வி கேட்டுக் கேட்டு உங்களுக்குப் பழக்கிவிடுவார்கள். நான் எழுதப்போவது என்னுடைய வலது காலைப் பற்றி.

இருபத்தாறு வருடம் வெள்ளவத்தையில் ஒரே பயிற்சி நிலையத்தில், காரின் இடது சீட்டில் இருந்தேன். அந்தச் சீட்டின் காலடியில் நமக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. பழகுகிறவர் தவறவிட்டால் நாம் மிதிக்க வேண்டும். நம் தொழிலில் மிச்சமெல்லாம் பேச்சு. அந்தப் பிரேக் ஒன்றுதான் வேலை. அதை மிதிக்கக் கால் எழும்பாமல் எட்டு மாதம் நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்மேல் மரியாதை வைத்துக்கொண்டு வாசித்து, நடுவில் ஏமாற வேண்டாம்.

ஒரு காலை நேரம், கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடி வீட்டில், காற்சட்டை போடுவதற்காக வலது காலைத் தூக்கினேன். கவட்டுக்குள் யாரோ குறடால் பிடித்துத் திருகியது போல ஒரு நோ. காலைக் கீழே வைத்தால் ஒன்றுமில்லை. நடந்தால் கொஞ்சம். தூக்கினால்தான் குறடு. இரண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் அது இடுப்பின் பக்கவாட்டுக்கும் குடிவந்துவிட்டது.

மனிதன் எதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவான் என்பதுதான் அவனுடைய கெட்ட காலம். காற்சட்டையை நிலத்தில் வட்டமாகப் பரப்பி, அதற்குள் இரண்டு காலையும் நகர்த்தி வைத்து, குனிந்து மேலே இழுக்கப் பழகினேன். பஸ்ஸில் இடது காலை முதலில் வைத்து, வலது காலைப் பின்னால் வரும் பயணப்பை மாதிரி இழுத்துக்கொண்டேன். காருக்குள் ஏறும்போது, தொடைப் பக்கத்துத் துணியைக் கையால் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, காலை உள்ளே வைத்தேன். பார்க்கிறவர்கள், நான் காற்சட்டை மடிப்புக் கலையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தார்கள். நான் நேர்த்தியானவன் என்று எனக்கு ஒரு பெயரும் வந்தது.

டொக்டரிடம் போகாமல் இல்லை. போனேன். ஆனால் எங்கே நோகிறது என்று கேட்டபோது, வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மூன்று பெண்களும் கதவிடுக்கால் கேட்டுக்கொண்டிருந்தபடியால், "இடுப்பு" என்று சொல்லிவிட்டேன். மனைவியிடமும் இடுப்பு என்றேன். நிலையத்திலும் இடுப்பு. இடுப்பு என்றால் நம் ஆட்களுக்கு முதுகு. ஆகவே முதுகுக்கு மாத்திரை வந்தது, முதுகுக்கு எண்ணெய் வந்தது, முதுகைச் சுற்றி ஒரு அகலப் பட்டியும் வந்தது. இரண்டு மாத வைத்தியத்துக்குப் பிறகு என்னுடைய முதுகு, கலியாணம் முடித்த காலத்தில்கூட இல்லாத அளவு நலமாக இருந்தது. கால் எழும்பவில்லை.

இதற்கிடையில் பிரேக் என்று ஒன்று இருக்கிறதே. துணியைப் பிடித்துத் தூக்கி மிதிப்பதற்குள் ஒரு மாடு தெருவைக் கடந்து, மனம் மாறித் திரும்பியும் போய்விடும். பழைய பயணப்பை ஒன்றின் தோள்பட்டியைக் கழற்றி, ஒரு முனையில் வளையம் கட்டி, காலில் போட்ட சப்பாத்தின் நடுவில் மாட்டினேன். மறுமுனை என் வலது கையில். சுண்டினால் கால் எழும்பும். பிறகு பிரேக்கின்மேல் விழும்.

இதை வீட்டில் பழகினேன். பிரேக் இருக்கும் இடத்தில் ஒரு தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்து, கதிரையில் இருந்தேன். என் மனைவி குசினிக்குள் சமைத்தபடி, நினைத்த நேரத்தில் "நாய்!" என்று சத்தம் வைப்பாள். நான் சுண்டுவேன். சில நேரம் "பஸ்!" என்பாள். சில நேரம் அரைமணித்தியாலம் ஒன்றும் சொல்லாமல், பருப்பு தாளிக்கும் சத்தத்துக்கு நடுவில் "நாய்!" என்பாள். மூன்றாவது கிழமை மேல்மாடியில் இருந்த மனிதர் இறங்கி வந்து, தொடர்மாடியில் நாய் வளர்க்கக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியாதா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். நாய் இல்லை என்று சொன்னோம். அவர் கதிரையையும் தேங்காய் மூடியையும் என் காலில் கட்டியிருந்த பட்டியையும் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

என்னிடம் அப்போது பழகிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பரமேஸ்வரி ரீச்சர். கணக்கு ஆசிரியை, ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயது. கணவருக்குக் கண்பார்வை குறைந்துகொண்டே போனது. வீட்டில் அவருடைய கார் நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை. ஆகவே ரீச்சர் பழக வந்தார். இரண்டு முறை பரீட்சையில் தவறியிருந்தார். அவருடைய குறை ஒன்றே ஒன்றுதான். வெள்ளவத்தையில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். காலி வீதியில் போகும்போது யாராவது கையைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள். ரீச்சர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பதில் வணக்கம் சொல்வார்.

ரீச்சரின் கண்ணுக்கு என் காலில் இருந்த பட்டி தப்பவில்லை. ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது, அது என்ன என்று கேட்டார். உண்மையைச் சொல்ல அது நல்ல இடம். எதிரே சிவப்பு விளக்கு, பக்கத்தில் நல்ல மனுஷி. நானோ பொய் சொன்னேன்.

"நீங்க மிதிக்க வேண்டியதை நான் முந்தி மிதிச்சிடுறன் ரீச்சர். அதுதான் என்ர காலைக் கட்டிப் போட்டிருக்கிறன்."

ரீச்சர் நல்ல முறை என்றார். தானும் வகுப்பில் இப்படித் தன் வாயைக் கட்டிப் போட்டிருந்தால் பிள்ளைகள் தாங்களாகவே கணக்குச் செய்திருப்பார்கள் என்றார்.

பிள்ளைகளே, முழுப் பொய் ஆபத்தில்லை. அது சீக்கிரம் பிடிபட்டுவிடும். கொஞ்சம் உண்மை கலந்த பொய்தான் நெடுநாள் ஓடும். எங்களில் பலர் பழகுகிறவரை நம்பாமல் முந்தி மிதிக்கிறவர்கள்தான். அன்றிலிருந்து ரீச்சர் தானாகவே நேரத்துக்குப் பிரேக் பிடிக்கத் தொடங்கினார். அதைக் கோவிலிலும் சந்தையிலும் சொன்னார். ஒரு கிழமைக்குள் இரண்டு பெண்கள் நிலையத்துக்கு வந்து, பட்டி மாஸ்டரிடம்தான் பழகுவோம் என்று நின்றார்கள். அடுத்த கிழமை ஐந்து பேர்.

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் எது நடந்தாலும் அதை உடனே விளம்பரமாகப் பார்க்கிற கண் அவருக்கு. என்னைக் கூப்பிட்டு, இந்த முறையை நான் எங்கே கற்றேன் என்று கேட்டார். நானே கண்டுபிடித்தது என்றேன். அந்த ஒரு வசனம் மட்டும் உண்மை. மறுநாள் வாட்ஸ்அப்பில், பட்டி முறையில் சாரதிப் பயிற்சி என்று ஒரு படம் சுற்றியது. படத்தில் என் கால். புறக்கோட்டையில் இருந்து ஆறு புதிய பட்டிகள் வந்தன, நல்ல நீல நிறம்.

நிலையத்தில் என்னைத் தவிர இன்னும் இரண்டு பயிற்றுநர்கள். ஒருவர் ரூபன், முப்பது வயது, ஓட்டப்பந்தயம் ஓடிய கால். மற்றவர் என் வயதுக்காரர், எதையும் எதிர்த்துக் கேட்காதவர். இருவரையும் கதிரையில் இருத்தி நான் பழக்கினேன். ரூபன் மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணை, என்ர கால் நல்லாத்தானே கிடக்கு. நான் ஏன் இதைக் கயித்தால தூக்கிறன்?"

பழகப் பழகச் சரிவரும் என்று சொன்னேன். அவன் நம்பினான். இருபத்தாறு வருட வேலையில் நான் வெட்கப்படும் இடம் எது என்று யாராவது கேட்டால், கவட்டுக்குள் நோவை ஒளித்தது இல்லை, அந்தப் பதில்தான். என்னுடைய நொண்டலை நல்ல காலுள்ள ஒருவனுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

ஆறு கிழமை இப்படி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிபோல, ரீச்சர் காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் காரை விட்டார். ஒழுங்கை முடியும் இடத்தில் மரைன் டிரைவ், குறுக்கே பஸ்ஸும் வானும் ஓடுகிற பெரிய வீதி. மூலையில் ஒருவர் செவ்விளநீர் விற்றுக்கொண்டிருந்தார். ரீச்சர் வேகத்தைக் குறைத்தார். எல்லாம் சரி. அப்போது பார்த்து, எதிரே நின்ற ஓட்டோவின் சாரதி தலையை வெளியே நீட்டி, கைகூப்பினார். பழைய மாணவன்.

ரீச்சர் இரண்டு கையையும் எடுத்துவிட்டார். திரும்பக் கவனம் வந்தபோது பதறி மிதித்தது பிரேக்கை அல்ல, மற்றதை.

நான் சுண்டினேன். அன்று காலைதான் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டிருந்தேன். பட்டி வழுக்கிக் கழன்று, வெறுமையாக என் கைக்கு வந்தது. கால் நிலத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் போலக் கிடந்தது. அதைத் தூக்கப் பார்த்தேன், குறடு திருகியது, எழும்பவில்லை. மரைன் டிரைவில் ஒரு பள்ளிக்கூட வான் வருவது தெரிந்தது. உள்ளே வெள்ளைச் சீருடைகள்.

நெருக்கடியில் மனிதன் என்ன யோசிக்கிறான் என்று கேட்பீர்கள். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. பட்டியை எறிந்துவிட்டு ஹாண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். இழுத்தபடி தோளால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் தள்ளினேன். ரீச்சர் இரண்டு காலையும் எடுத்துவிட, கார் துள்ளி, இருமி, செவ்விளநீர்க் கடையின் தகரப் பந்தலுக்குக் கீழே போய் நின்றது. இரண்டு குலை உருண்டு தெருவுக்குப் போயின. வான் அவற்றைச் சுற்றி விலத்திக்கொண்டு போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

செவ்விளநீர்க்காரர் எங்களைப் பார்த்தார். காரின் முன்பக்கம் அவருடைய மேசையிலிருந்து ஒரு சாண் தூரம். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார். நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றத் தொடங்கினேன்.

"தெம்பிலி தெகக்த, மாத்தயா?" என்றார்.

செவ்விளநீர் இரண்டா என்று கேட்கிறார். இரண்டு என்றேன். வேறு என்ன சொல்ல. அவர் வெட்டித் தந்தார். பந்தலுக்குள் நின்ற காரில் இருந்தபடி நானும் ரீச்சரும் குடித்தோம். குடித்து முடித்த பிறகுதான், ஏன் பிரேக் பிடிக்கவில்லை என்று கேட்டார்.

"எனக்குக் கால் தூக்க ஏலாது ரீச்சர்."

"எவ்வளவு நாளா?"

"எட்டு மாசம்."

ரீச்சர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் மனத்துக்குள் ஏதோ கணக்குப் போடுவது தெரிந்தது.

"அப்ப இவ்வளவு நாளும் இந்தக் காரை நான் தனியாவோ ஓடினனான்?"

ஓம் என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. காரைப் பின்னுக்கு எடுத்து, தெருவைப் பார்த்து, பத்திரமாக நிலையத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். வழியில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். ரீச்சர் தலையைக்கூட ஆட்டவில்லை. இறங்கும்போது, தன் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருப்பேன் என்று மட்டும் சொன்னார். அறுபது வயதில் நான் கைகட்டி நின்று, ஓம் ரீச்சர் என்றேன்.

நேரே முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், இந்த முறை இடுப்பு என்று சொல்லாமல், உள்ள இடத்தின் பெயரைச் சொல்லி. அவர் எழும்பிக் கதவைச் சாத்தினார். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

"கால் வருத்தம் வேற, முறை வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்கோ," என்றார்.

நான் காரை ஸ்டார்ட் பண்ணும் திறப்பை மேசையில் வைத்தேன். கால் தானாக எழும்பும்வரை இடது சீட்டில் இருக்கமாட்டேன் என்றேன். மற்ற இருவருடைய பட்டியையும் இன்றைக்கே வாங்க வேண்டும் என்றேன். பெயர் கெட்டுப்போகும், சனம் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் என்றேன். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசிக்கும்வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. வெளியே வந்து ரூபனுக்குப் போன் எடுத்து, காரை ஓரத்தில் நிறுத்தச் சொல்லி, விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அண்ணை, ஆறு கிழமையா நான் பழகினது உங்கட கால் வருத்தத்தையோ?"

அவன் என்னோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. அது நியாயம். மற்றவரோ பட்டியைத் தர மறுத்துவிட்டார். அது தனக்கு ஒத்துவருகிறது என்றார். கடைசியில் மனம் மாறிய முதலாளி நேரில் போய்க் கழற்ற வேண்டியிருந்தது.

பிறகு வேறொரு டொக்டரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் பெரிய பழுதில்லை என்று சொல்லி, அவர் என்னைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை, என் மகளின் வயது இருக்கும். "கொஹெத ரிதென்னே, அங்கிள்?" என்று கேட்டாள். எங்கே நோகிறது என்பது விளங்கியது. நோகும் இடத்துக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்பதுதான் எனக்குத் தெரியாது. பழக்க தோஷத்தில் கை இடுப்புக்குப் போனது. அவள் அங்கே அழுத்தினாள். நோகவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கதிரையில் இருந்து, நிலத்தைக் காட்டி, "பிரேக்" என்றேன்.

அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு புத்தகத்தை என் காலடியில் வைத்து, மிதிக்கச் சொன்னாள். என் கை தன்பாட்டில் தொடைத் துணியைப் பிடித்தது. அவள் அந்தக் கையைப் பிடித்து எடுத்து, என் மடியில் வைத்தாள். கால் இரண்டு விரல்கடை எழும்பியது. என் வாய் அதைவிடக் கூடுதலாகத் திறந்தது. அவள் குனிந்து, விரலைச் சரியாக அந்த இடத்தில் வைத்து, "மெத்தனத?" என்றாள். இங்கேயா என்று.

"ஓம்," என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு எட்டு மாதத்துக்கு மேல் எடுத்திருந்தது.

தொடையைத் தூக்குகிற தசைநார் நொந்துபோயிருக்கிறது என்று விளங்கப்படுத்தினாள். வருடக்கணக்காகப் பிரேக்குக்கு மேலே காலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றாள். நான் கையால் தூக்கித் தூக்கி, இருந்த பலத்தையும் போக்காட்டிவிட்டேன். பிறகு அவளும் ஒரு பட்டியைத்தான் எடுத்தாள். நான் திடுக்கிட்டேன். இது இழுபடுகிற ரப்பர்ப் பட்டி; இதில் கை இழுக்காது, பட்டிக்கு எதிராகக் கால்தான் இழுக்க வேண்டும். காருக்குள் ஏறும்போது முதலில் சீட்டில் குந்தி, இரண்டு முழங்காலையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். சீட்டை உயர்த்தி வைக்க வேண்டும். குதிக்கால் நிலத்தில் இருக்க வேண்டும். படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையில் தலையணை. மாடி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நொந்த கால் முதலில். இவ்வளவுதான். இவ்வளவுக்கும் நான் ஒரு பள்ளிக்கூட வானை ஆபத்தில் விட்டிருந்தேன்.

ஐந்து மாதம் வீதி ஒழுங்கு வகுப்பு மட்டும் எடுத்தேன், கரும்பலகை முன்னால். அதன்பிறகு இடது சீட்டுக்குத் திரும்பி, ஓய்வு பெறும்வரை இருந்தேன். நோ முற்றாகப் போகவில்லை, இன்றைக்கும் இருக்கிறது. மழைக்காலத்தில் கூடும். ஒவ்வொரு காலையும் காரில் ஏறியதும், யாரும் ஏற முதல், கைபடாமல் பத்து முறை காலைத் தூக்கிப் பிரேக்கில் வைப்பேன். ஒன்பதில் நின்றால் திறப்பைத் திரும்பக் கொடுத்துவிடுவேன். ஒரு நாள் ஏழு பேர் பதிந்திருந்தபோதும் கொடுத்தேன். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். உங்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். உங்களுக்கு வருவது கழுத்தாக இருக்கலாம், கண்ணாக இருக்கலாம், வீட்டுக் கவலையாக இருக்கலாம். அதற்கு ஒரு பட்டி கண்டுபிடிக்காதீர்கள். நோகிற இடத்தின் பெயரைச் சொல்லி, காரில் இருந்து இறங்குங்கள்.

பரமேஸ்வரி ரீச்சர் மூன்றாம் முறை ரூபனிடம் பழகிப் பரீட்சையில் சித்தியடைந்தார். போன மாதம் நான் வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு கார் வந்து நின்றது. ரீச்சர். பின்சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு அவருடைய கணவர். கொட்டாஞ்சேனையில் இறக்கிவிடுகிறேன், ஏறுங்கள் என்றார். முதலில் குந்தி, முழங்கால்களைச் சேர்த்துத் திருப்பி, இடது சீட்டில் ஏறினேன்.

நன்றாக ஓட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் புறக்கோட்டைச் சன நெரிசலுக்குள் மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் குறுக்கே பாய்ந்தபோது, ரீச்சர் அமைதியாக வேகத்தைக் குறைக்க, என் வலது கால் தானாக எழும்பி, கால்விரிப்பை அமத்திப் பிடித்தது. நொந்தது. ரீச்சர் தெருவில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாஸ்டர், அதில ஒண்டும் இல்லை," என்றார்.

"தெரியும் ரீச்சர்," என்றேன். காலை எடுக்கவில்லை.